கிணற்றடியில் ஒரு பள்ளம்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தேன். பள்ளிவாசல் ஹவுள் – அதுதான், தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவுகிற தொட்டி – ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்திலிருந்த காதர் அண்ணன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காதர் அண்ணன் எனக்குத் தூரத்துச் சொந்தம். கடைத்தெருவில் தொப்பி விற்கிறவர். மனசில் பட்டதை வாயில் நிறுத்தி வைக்கத் தெரியாதவர்.

“என்னாப்பா, விறகுத்தொட்டிய மூடிட்டுக் கொத்து வேலைக்குப் போறியா? கை ரெண்டும் சுண்ணாம்புல ஊறுனாப்புல இருக்கு?”

“இல்லண்ணே. நாய்க்குட்டி.”

“கடிச்சிடுச்சா?”

“கடிக்கல. வளக்கறேன்.”

அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம்... ஒரு முழம்... தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சில மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் நகர்ந்திருப்பேன். இன்றைக்குக் கோபப்படவும் தெம்பில்லை, அது வேறு விஷயம். கொஞ்ச நாளாக நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் சுரத்தே இல்லை என்று நீங்கள் சிலர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். தூக்கமில்லாத மனுஷன் எழுத்தில் சுரத்து எங்கிருந்து வரும்? காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் எனக்கு விறகுத்தொட்டி, அதாவது விறகு விற்கிற கிடங்கு, இருப்பது உங்களுக்குத் தெரியும். சவுக்குக் கட்டைகள் அடுக்கியிருக்கும் மூலையில் ஒரு செம்பட்டை நிறத் தெருநாய் குட்டி போட்டது. நாலு குட்டி. அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு இருந்தேன். மீந்த சோற்றை ஒரு சட்டியில் வைத்துவிட்டு எட்டி நின்றுகொள்வேன். அவ்வளவுதான் எங்களுக்குள் உறவு.

ஒரு காலையில் எனக்குக் கட்டை கொண்டுவந்த லாரி, தொட்டிக்குள் பின்பக்கமாக வந்தது. அந்த நாய் குட்டிகளுக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்றது. டிரைவருக்கு அது தெரிய வழியில்லை; சக்கரம் ஏறிவிட்டது. அவர் இறங்கி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கட்டைக்குப் பின்னால் நாலும் கத்துகின்றன. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. என் தொட்டிக்கு, எனக்கு விறகு கொண்டுவந்த லாரி. இனி இது யார் பொறுப்பு? நீங்களே சொல்லுங்கள்.

“குருசுக்குப்பம் கரைல வுட்டுடுங்க பாய், மீன் தின்னு பொழைச்சுக்கும்” என்றார் ஒருத்தர். கண் தெரியாத குட்டி எந்த மீனைத் தேடித் தின்னும்? கொஞ்சம் வளர்கிற வரை வைத்திருந்து, வேண்டுகிறவர்கள் வீட்டில் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இங்கே மற்ற மதத்து வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் மார்க்கத்தில் நாயை அடி என்றோ பட்டினி போடு என்றோ சொல்லவில்லை. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவருக்குப் பாவ மன்னிப்புக் கிடைத்ததாகத்தான் சின்ன வயதில் ஓதும் பள்ளியில் கேட்டிருக்கிறேன். ஆனால் அதன் எச்சிலோ ஈரமோ நம் மேல் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். காய்ந்த கை காய்ந்த ரோமத்தில் பட்டால் பாதகமில்லை. ஈரம்தான் தகராறு.

அஞ்சு நேரமும் தொழுகிறவன் நான். ஆகவே யோசித்தேன். ரொம்பவே யோசித்துவிட்டேன்!

நீளமான மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, பசும்பாலில் தோய்த்து எட்டி நின்று நீட்டினேன். குட்டிகள் சப்பிக் குடித்தன. இடம் மாற்ற வேண்டுமானால் காய்ந்த கோணியால் சுருட்டித் தூக்கினேன். என் வீட்டுக்காரி மைமூன் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு, “தேர் கட்டுறாப்புல என்னா ஒரு வேல!” என்றாள். எனக்குப் பெருமைதான். தொட்டியில் விறகு வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன் – ஒரு சொட்டு ஈரம் மேலே படாமல் நாலு குட்டி வளர்க்கிறேன் என்று.

அந்தப் பெருமை நிலைக்கவில்லை. குட்டிகளின் வயிறு உப்ப ஆரம்பித்தது. நல்லாக் குடிக்குது, அதான் தொப்பை என்று நினைத்தேன். பிறகு கத்தல் வேறு மாதிரி ஆயிற்று. பசிக் கத்தல் இல்லை. வலிக் கத்தல். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். பாலைக் குறைத்தேன். அடுத்த காலையில் ஒரு குட்டி கோணியில் விறைத்துக் கிடந்தது. வயிறு மட்டும் தம்பட்டம் போல.

மிச்சம் மூன்றையும் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நம் ஊரில் மனுஷனுக்கு டாக்டர் உண்டு. நாய்க்கு? பெரிய வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னார்கள். போனேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கூடைக்குள் ஒரு பார்வை.

“என்ன ஜாதி நாய்?”

“தெரு நாய்ங்க, முசே.” பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், அவனுடைய ‘ஐயா’வான முசே மட்டும் என் வாயை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

“தெரு நாய்க்கு எதுக்குய்யா வைத்தியம்? ஒன்னு போனா ஒம்போது பொறக்கும்.”

வெளியே வந்துவிட்டேன். கூடைக்குள் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கத்தும்போதுகூட அவ்வளவு பயமில்லை. சத்தம் குறைந்ததும்தான் பயந்துபோய் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினேன்.

கடைசியில் மாட்டாஸ்பத்திரி. வாசலில் மாடுகள், ஒரு நொண்டி ஜட்கா குதிரை, ஒரு ஆட்டுக்கிடா. எனக்கு முன்னால் கொம்பில் எண்ணெய்த் துணி சுற்றிய காளையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிராமத்துக்காரர்.

“கூடைல இன்னா பாய்? கோழிக்குஞ்சா?”

“நாய்க்குட்டி.”

“பாய் ஊட்டுல நாயா! யேய், இன்னிக்கு மழ வரும்டா, மாட்டைக் கொட்டாயில கட்டுங்க!”

வரிசையே சிரித்தது. சிரித்து முடித்ததும் அவரே கூடையை எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. காளையை ஓரமாக இழுத்தார். “நீ முன்னால போ பாய். எம்மாடு நிக்கும். அது நிக்காது.”

உள்ளே டாக்டர் சின்ன வயசுக்காரர். வெளியூர். சட்டைக் கையில் சாணி, கண்ணில் என்னைவிட அலுப்பு. என்னை உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே ஒரு குட்டியைக் கையில் எடுத்துவிட்டார். வயிற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“எப்படிப் பால் குடுக்கறீங்க?”

குச்சியைப் பற்றிச் சொன்னேன்.

“எப்படித் தூக்கறீங்க?”

கோணியைப் பற்றிச் சொன்னேன்.

“ஊட்டுல யாராவது கையால தொட்டீங்களா?”

“ஒரு தடவகூட இல்ல சார்! அவ்வளவு சுத்தம்.”

“அதான் வியாதி” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். “இந்த வயசுக் குட்டிக்குத் தானா ஒன்னுக்குப் போகத் தெரியாது பாய். ரெண்டுக்கும் அப்படித்தான். தாய் நாய் அடிவயித்த நக்கிக் குடுக்கும். அப்பதான் வரும். நீங்க பால உள்ள அனுப்பிக்கிட்டே இருக்கீங்க. வெளிய வர வழி யாரு விடறது?”

“நக்கணுமா?” என்றேன்.

“நீங்க நக்க வேணாம். வெதுவெதுப்பா ஒரு ஈரத் துணி போதும்.”

“தப்பிச்ச பாய்!” என்றது வாசலிலிருந்து காளைக்காரர் குரல்.

டாக்டர் பஞ்சை வெந்நீரில் நனைத்தார். குட்டியின் அடிவயிற்றில் மெதுவாக, திரும்பத் திரும்பத் தடவினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேஜையெல்லாம் ஓடியது... நிற்காமல் ஓடியது. உப்பியிருந்த வயிறு கண் முன்னால் தளர்ந்தது. குட்டி அவர் உள்ளங்கையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றேன், சத்தமாகவே. ஒரு நாய் ஒன்னுக்குப் போனதற்காக நான் இறைவனுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அப்புறம் பழகிவிட்டது.

“தினம் எத்தினி தடவ சார் இப்படி?”

“பால் குடுக்கற ஒவ்வொரு தடவையும். தானா நடந்து போற வரைக்கும்.”

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஈரம். ஒவ்வொரு ஈரத்துக்கும் ஏழு கழுவல். எனக்கு வயசு என்ன, முதுகு என்ன, கிணறு ஆழம் என்ன?

“நம்மால முடியாது மைமூன். யாருகிட்டயாவது குடுத்துடலாம்.”

“யாருகிட்ட?”

மைமூன் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, தொடவே கூடாதுன்னா, தொடாதன்னு சொல்லிட்டு வுட்டிருப்பாங்கள்ல? இத்தினி தடவ கழுவு, மண்ணு போட்டுக் கழுவுன்னு வழி எதுக்குச் சொல்லி வெச்சாங்க? மனுசனுக்கு என்னைக்காவது தொட வேண்டி வரும்னுதான?”

இதற்கு மேல் வாதாட எனக்குப் படிப்புப் போதவில்லை.

“நான் தொட மாட்டேன். அதையும் சொல்லிட்டேன்” என்றாள். “தண்ணி ஊத்தறேன். வாங்க.”

அன்றையிலிருந்து இதுதான் எங்கள் வாழ்க்கை. பழைய கைலி ஒன்றை நாய்க்கென்றே ஒதுக்கி வேலியில் தொங்கவிட்டேன். பால், துணி, தடவல். பிறகு கிணற்றடி. நான் கையை நீட்டுவேன். கயிற்றையோ வாளியையோ நான் தொடக்கூடாது. ஆகவே இறைப்பதும் ஊற்றுவதும் மைமூன். பக்கத்திலேயே ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழைத்துத் தேய்ப்பேன். அவள் சத்தமாக எண்ணுவாள். நடுவில் பக்கத்து வீட்டு அம்மா, “என்னா பாயம்மா, கொழம்பா?” என்று கேட்டால் எண்ணிக்கை விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து. முடிந்து நிமிர்ந்தால் மூன்றும் அடுத்த பாலுக்குக் கத்தும்.

சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தால் தூக்க மனசு வராது. பக்தி என்று நினைத்துவிடாதீர்கள்... தூக்கம். வேறு பெரிய துஆவெல்லாம் மறந்துபோயிற்று. “யா அல்லாஹ், இந்தக் குட்டிகளைச் சீக்கிரம் நடக்க வை” – இது ஒன்றுதான். இதையாவது கேட்கத் தெரிந்ததே என்று இருந்தது.

கேட்டது கிடைத்தது. கண் திறந்தன. தள்ளாடி நடந்தன. சொல்லாமல் கொள்ளாமல், என் செருப்பின் மேலேயே ஒரு குட்டி தானாக ஒன்னுக்குப் போனது. மைமூனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, நான் கேட்கவில்லை.

மூன்றையும் திரும்ப டாக்டரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பூச்சி மருந்து கொடுத்தார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “குட்டிங்க நல்லாருக்கு. இதுக்குத் தேங்காயெண்ணெய் தடவுங்க.”

நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? மாட்டுக்கோ மனுஷனுக்கோ, எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். முதலில் கை வருகிறதா, வாய் வருகிறதா என்று பாருங்கள். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வைத்தியம் சொல்லிவிடலாம். தொட்டால்தான் நோவு தெரிகிறது. இதை அந்த டாக்டருக்கு நான் சொல்லவில்லை. அவருக்கு வரிசையில் மாடு நின்றது.

குட்டிகள் போகும் வீட்டைத் தேடினேன். ஒன்றைக் கனகசெட்டிக்குளத்திலிருந்து கட்டை வாங்க வருகிற மீன்காரர் வலைக்குக் காவல் என்று கொண்டுபோனார். இன்னொன்றை யார் கேட்டு வந்தது தெரியுமா? காளைக்காரர்! “மழையே வரல பாய், அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்” என்று மடியில் கட்டிக்கொண்டு போனார்.

மிஞ்சியது அந்த முதல் குட்டி. மேஜையை நனைத்ததே, அதுதான். ஒரு பின்னங்கால் கொஞ்சம் சாய்ந்து நடக்கும். அதை யாரும் கேட்கவில்லை. நானும், உண்மையைச் சொன்னால், யாரிடமும் வற்புறுத்தவில்லை. விறகுத்தொட்டிக்குக் காவல் வேண்டும்தானே? காவலுக்கு வைத்துக்கொள்ள எங்களுக்குத் தடையில்லை. வீட்டு வாசற்படி ஏறாது. அது மைமூன் போட்ட சட்டம், அதற்கும் தெரியும். ஆனால் என்னைக் கண்டால் ஓடி வந்து கையை நக்கிவிடும். அப்புறம் என்ன? கிணற்றடிதான். ஒன்று... இரண்டு... மண்ணு...

தினம் தினம் ஒரு பிடியாக அள்ளி அள்ளிக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. தண்ணீர் சிந்திச் சிந்தி அங்கே மட்டும் குளுமை.

இதை எழுதிக்கொண்டே ஜன்னல் வழியே பார்க்கிறேன். என் கையிலிருந்து அந்தக் குட்டியின் ஈரத்தைக் கழுவ நான் தோண்டின பள்ளத்தில், அதுதான் சுருண்டு படுத்துத் தூங்குகிறது.