பாக்கெட் டைரியில் இருந்த வரி

1969 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து குளித்து, ஏழு மணிக்குப் பந்தல்குடிப் பொட்டலுக்குப் போனேன். பருத்திக்கு மருந்து தெளிக்கும் சிறு விமானம் அங்கேதான் நின்றது. அதன் இன்ஜின் பதிவேடு என் பொறுப்பு.

முந்தைய நாள் மாலை மெக்கானிக், "ஆயில் பிரஷர் எறங்குது, எழுதிருங்க அண்ணாச்சி" என்றார். பாக்கெட் டைரியில் குறித்துக்கொண்டேன்.

"சனிக்கிழமை மொத்தமாப் பதிவேட்டுல ஏத்திருவேன்."

"ஒங்க கையெழுத்து அழகா வர்ற வரைக்கும் இன்ஜின் காத்துக்கிட்டு இருக்குமாக்கும்" என்று சிரித்தவர், உதிரிபாகம் வாங்க மதுரைக்கு பஸ் ஏறிவிட்டார்.

செவ்வாய் காலை வந்த விமானி ஊருக்குப் புதியவர். பதிவேட்டை முழுக்கப் படித்துவிட்டு, "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க சார்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. டைரி சட்டைப்பையில்தான் இருந்தது. அது நினைவுக்கே வரவில்லை.

கிளம்பிய பத்தாவது நிமிடம் இன்ஜின் நின்று, விமானம் பருத்திக்காட்டில் விழுந்தது. அவர் பிழைத்தார். வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு அவர் பறக்கவேயில்லை.

மறுநாள் விசாரணைக்கு ஆள் வருவதாகச் சொன்னார்கள். பதிவேட்டில் திங்கட்கிழமை பறந்த நேரத்துக்குக் கீழே, குறைகளை எழுதும் வரி காலியாக இருந்தது; முன்தேதியிட்டு நிரப்ப அது போதும். காலையில் முதல் வேலையாக, அந்த வரியைத் தொடாமல், 22ஆம் தேதியிட்டு எழுதினேன்: "ஆயில் பிரஷர் குறைவு என்று 20ஆம் தேதியே என்னிடம் சொல்லப்பட்டது. நான் பதியவில்லை."