கொடிக்கால் டீச்சரின் ஆங்கிலத் தாள்

சோலையம்மாளுக்குச் சொந்த ஊர் எழுமலை. அப்பா மலையாண்டி மானாவாரிக் காட்டில் பருத்தியும் சோளமும் போட்டவர். மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் கூலியாள். அந்த வீட்டுப் பெண் மதுரைக்குப் போய், விடுதியில் தங்கி, தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்ததை ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள். எப்படி முடித்தாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். பி.எஸ்ஸி. வரைக்கும் தமிழில் படித்தவள். எம்.எஸ்ஸி.யில் ஆங்கிலப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக உருப்போட்டுப் பரீட்சைத் தாளில் அப்படியே இறக்கி வைத்தாள். இரண்டு வருடத்தில் சொந்தமாக ஒரு வாக்கியம்கூட ஆங்கிலத்தில் எழுதியது கிடையாது.

எழுபத்து மூன்றில் அத்தை மகன் விருமாண்டியைக் கட்டிக்கொண்டு சோழவந்தானுக்கு வந்தாள். பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலையும் கிடைத்தது. விருமாண்டிக்கு ஒன்றரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். வரிசை வரிசையாக அகத்தி மரங்கள், அதில் ஏறி நிற்கும் கொடிகள். உச்சி வெயிலில் உள்ளே நுழைந்தாலும் உடம்பு குளிர்ந்துவிடும். பள்ளி விட்டதும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் நேரே அங்கேதான் போவாள். பிள்ளைகள் அவளுக்குக் 'கொடிக்கால் டீச்சர்' என்று பேர் வைத்தார்கள். பிறகு ஊரே அப்படிக் கூப்பிட்டது.

வந்த இரண்டாம் வருடம் அந்தப் பக்கத்துக் கொடிக்கால்களில் வாடல் நோய் விழுந்தது. நேற்று வரை பளபளவென்று நின்ற கொடி இன்று தலையைத் தொங்கப் போட்டுவிடும். அடித்தண்டு கறுத்து, தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். பதினைந்து நாளில் ஒரு தோட்டமே போய்விடும். கண்ணு பட்டுவிட்டது என்றார்கள், சாமி குத்தம் என்றார்கள். சோலையம்மாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனாள். எந்தத் தோட்டத்தில் எந்தத் தேதியில் முதல் கொடி வாடியது, அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வடிகிறது, எல்லாம் எழுதினாள். வரப்பு வாய்க்காலோடு படம் போட்டுச் செத்த இடங்களைச் சிவப்புப் பென்சிலால் தீட்டினாள். ஆறு வருடத்தில் ஏழு நோட்டு நிறைந்தது. வாய்க்கால் தண்ணீர் நேராகப் பாய்ந்த தோட்டங்கள் பெரும்பாலும் தப்பித்திருந்தன. அடுத்தவர் தோட்டத்தில் பாய்ந்து வடிந்த தண்ணீரை வாங்கிய தோட்டங்கள்தான் செத்திருந்தன.

இதை ஆய்வுக்கூடத்தில் வைத்து நிரூபிக்க வேண்டும், பிஎச்.டி. பண்ண வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் வந்தது. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. பாடத்தில் ஒரு தாள், ஆங்கிலத்தில் ஒரு தாள். இரண்டிலும் தனித்தனியாக ஐம்பது எடுத்தால்தான் நேர்முகத்துக்கே கூப்பிடுவார்கள். முதல் தடவை பாடத்தில் எழுபத்தெட்டு, ஆங்கிலத்தில் முப்பத்தொன்று.

பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவள் பத்மாசினி. மதுரையிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போகிறவள். சோலையம்மாள் வயதுதான் இருக்கும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசி, பள்ளிக்கூடத்தில் தமிழைக் கற்று, கல்லூரியில் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டவள். மதிப்பெண் அட்டையைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"இதுக்கா சோலை அழுகுற? எனக்கு உன்னோட தமிழே அன்னிய பாஷதான். அதையே படிச்சேன்ல. நாளையிலேர்ந்து சாப்பாட்டு பெல்லு அடிச்சதும் என்கிட்ட வா."

மறுநாளிலிருந்து தயிர்ச்சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் இலக்கணப் புத்தகம் விரிந்து கிடந்தது. ஒரு நாளைக்கு இருபது சொல், அதற்கு ஒத்த சொல், எதிர்ச்சொல். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்ற வேண்டும். பிழையான வாக்கியத்தைத் திருத்த வேண்டும். சொற்களை அவள் மடமடவென்று உருப்போட்டுவிடுவாள். அதுதான் கைவந்த பழக்கமாயிற்றே. சின்னச் சின்ன ஒட்டுச் சொற்களில்தான் வழுக்கி விழுந்தாள். 'டிஸ்கஸ்' என்றால் பின்னால் 'அபவுட்' போட்டுத் தொலைப்பாள். 'தி' எங்கே வரும், எங்கே வராது என்பது பிடிபடவே இல்லை.

"மதுரைக்கு 'தி' கிடையாது. வைகைக்கு உண்டு" என்றாள் பத்மாசினி.

"ஏன்?"

"ஆத்துக்கு எல்லாம் உண்டு."

"தண்ணியே இல்லாட்டியுமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வருடங்களில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுபோல் நாலைந்து தடவைதான் இருக்கும்.

இரண்டாம் தடவை நாற்பத்து நாலு. ஆறு மதிப்பெண்ணில் போய்விட்டது. தபாலைப் படித்துவிட்டுக் கொடிக்காலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். விருமாண்டி வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"எம்புட்டு?"

"நாப்பத்தி நாலு மாமா."

"போன தடவைக்கு இது பரவாயில்லல்ல?" என்றான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். "இன்னொரு தடவ எழுது புள்ள. நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்."

பத்மாசினி கோபப்பட்டாள். சோலையம்மாளின் மேல் இல்லை, அவளுடைய அவசரத்தின் மேல். "மனசுல தமிழ்ல நெனச்சு, வாய்க்கு வந்ததை ஓட்டி எழுதுற. இனிமே எழுதுறதுக்கும் பேசுறதுக்கும் முன்னாடி நிறுத்து. எழுவாய் ஒருமையா பன்மையா? வினை எந்தக் காலம்? பெயருக்கு முன்னாடி ஏதாச்சும் வேணுமா? மூணும் சரியா இருந்தாத்தான் வாயத் திறக்கணும்."

சோலையம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பேருந்தில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதற்கு முன்னால்கூட, அதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். மாவு கரைக்கும்போது, துணி அலசும்போது, வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். மூன்றாம் வகுப்புப் படித்த மகள் அன்னக்கொடி சொற்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் அம்மா தலையில் அவளே ஒரு குட்டு வைப்பாள். நாள் ஆக ஆகச் சோலையம்மாளின் பேச்சில் ஒரு தயக்கம் வந்துவிட்டது. யாராவது ஏதாவது கேட்டால் ஒரு நொடி கழித்துத்தான் பதில் வரும். படிப்பு மண்டைக்குள் ஓடுகிறது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

எண்பத்திரண்டில் மூன்றாம் தடவை எழுதினாள். ஆங்கிலத்தில் அறுபத்து மூன்று. பத்மாசினி ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நேர்முகம் கார்த்திகை மாதத்தில். ஆங்கிலத்தில் பேசித்தான் ஆக வேண்டும் என்பதால், ஐப்பசியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரையில் பத்மாசினி வீட்டுக்குப் போய்ப் பேசிப் பழகினாள்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வாய்க்காலில் முறைத் தண்ணீரும் குறைந்துபோய், ஆளுக்கு அரைநாள் என்று பிரித்துக்கொண்டார்கள். சோலையம்மாள் புரட்டாசியிலேயே சொல்லியிருந்தாள். "பக்கத்துல பேயாண்டி அண்ணன் தோட்டத்து மூலையில நாலு கொடி வாடி நிக்குது மாமா. என்ன ஆனாலும் அவுக வடிதண்ணிய நம்ம பக்கம் விட்றாதீங்க." விருமாண்டியும் சரி என்றிருந்தான்.

ஐப்பசி மூன்றாம் ஞாயிறு அவர்கள் முறைக்குத் தண்ணீர் வரவில்லை. மேலே எங்கேயோ கரை உடைந்துவிட்டதாகச் சொன்னார்கள். கொடிகள் சுருள ஆரம்பித்தன. பேயாண்டி வரப்பு மேல் நின்று, "மாப்ள, நேத்து என் முறையில பாஞ்ச தண்ணி இன்னும் வடிஞ்சு சும்மாதான போகுது. வாங்கிக்க" என்றான். விருமாண்டிக்கு அவள் சொன்னது நினைவில் இருந்தது. அவள் மதுரையிலிருந்து திரும்பியிருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வீடு வரைக்கும் வந்தான். வீடு பூட்டியிருந்தது. அந்த நேரம் அவள் மதுரையில் பத்மாசினி வீட்டு மாடியில், 'உங்கள் ஆராய்ச்சியின் நோக்கம் என்ன' என்ற கேள்விக்கு நாலு வாக்கியத்தில் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். அவன் திரும்பிப் போய் மடையைத் திறந்துவிட்டான்.

சாயங்காலம் வந்தவளிடம் அவனே சொன்னான். அவள் கொடிக்காலுக்கு ஓடினாள். ஓடி என்ன செய்ய? தண்ணீர் எல்லாப் பாத்தியிலும் ஏறிச் சுவறிவிட்டிருந்தது.

ஒன்பதாம் நாள் தெற்கு ஓரத்தில் முதல் கொடி தலையைத் தொங்கப் போட்டது. பதினைந்தாம் நாள் நடுப்பகுதி. அவளுடைய நோட்டுகளில் இருந்த வரிசைப்படியே, தண்ணீர் போன வழியிலேயே, ஒன்று விடாமல் போனது. தினமும் காலையில் எட்டாவது நோட்டில் தேதி போட்டு எண்ணிக்கையை எழுதினாள். எழுத்து வழக்கம்போல் சீராகவே விழுந்தது. அதை நினைத்துத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. விருமாண்டி கழன்று விழுந்த கொடிகளை அள்ளி வரப்பில் குவித்தான். அவளை ஒரு சொல் சொல்லவில்லை. 'நீ வீட்ல இருந்திருந்தா' என்று ஒரு தடவை கத்தியிருந்தால்கூட அவளுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கொடிக்காலில் முக்கால் பங்கு போயிருந்த சமயத்தில் நேர்முக நாள் வந்தது. போக மாட்டேன் என்றவளை விருமாண்டிதான் பஸ் ஏற்றிவிட்டான். நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி, வெயிலில் நடந்து, பல்கலைக்கழகத்துக்குள் ஒரு நீண்ட வராந்தாவில் காத்திருந்தாள். ஏழு நோட்டும் மடியில் இருந்தன. எட்டாவதை எடுத்துவர மனம் வரவில்லை.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, அமைதியான முகம். அவளுடைய நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். படங்களின் மேல் விரலை வைத்துப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். அவர் கண்ணில் மரியாதை தெரிந்தது. பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். நோய் எப்படிப் பரவுகிறது என்று நீங்கள் கருதுகிறீர்கள்?

இதற்குப் பதில் நூறு தடவை பழகியிருந்தாள். முதல் வாக்கியம் மனதுக்குள் எழுந்தது. எழுவாய் ஒருமை. வினை நிகழ்காலம். தண்ணீருக்கு முன்னால் 'தி' வேண்டுமா? பொதுவான தண்ணீர் என்றால் வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் என்றால் வேண்டும். அங்கேயே நின்றுவிட்டாள்.

ஒரு நிமிடம் போயிருக்கும். நரைத்த தலைக்காரர் முன்னால் சாய்ந்து தமிழில் சொன்னார்.

"பரவாயில்லம்மா. தமிழ்லயே சொல்லுங்க. எங்களுக்கு விஷயம்தான் முக்கியம்."

சோலையம்மாள் தலையாட்டினாள். தமிழ்தானே. அவள் நாக்கில் பிறந்த பேச்சு. கொடிக்காலைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவாளே. "தண்ணி..." என்று ஆரம்பித்தாள். தண்ணியா, தண்ணீரா? வடிதண்ணீர் என்றால் இவர்களுக்குப் புரியுமா? பாயுது என்பதா, பாய்கிறது என்பதா? சொல்லப் போகிற ஒவ்வொரு சொல்லும் வாசலில் நின்று சரியா தப்பா என்று கேட்டது. அதற்குள் தெற்கு ஓரத்துக் கொடிகள் கண்ணில் வந்துவிட்டன. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள். கால் மணி நேரம் பொறுத்தார்கள். கடைசியில் அவள் எழுந்து, நோட்டுகளை அடுக்கிக்கொண்டு, "ஸாரி சார்" என்றாள். அந்த அறையில் அவள் முழுதாகச் சொன்னது அது மட்டும்தான்.

பத்து நாள் கழித்து, தேர்வாகவில்லை என்று தபால் வந்தது. அடுத்த வருடம் மறுபடி முயலலாம் என்று அந்தப் பெரியவர் கீழே பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார். அவள் முயலவில்லை. தையில் விருமாண்டி அகத்தி மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு வாழை வைத்தான். நோட்டுகளை அவள் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினாள்.

பேச்சு திரும்பவே இல்லை. ஊமையாகிவிடவில்லை, வேண்டியதைச் சொல்வாள். ஆனால் வகுப்பில் பாடம் நடத்தும்போது நடுவில் நின்றுவிடுவாள். சொல்ல வந்த வாக்கியத்தைத் திரும்ப எடைபோட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு வேண்டாம் என்று அவளே தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து ஆறாம் வகுப்புக்கு மாறினாள். பாடத்தைப் பேசாமல் பலகையில் எழுதிப்போட்டாள். கொடிக்கால் டீச்சர் என்ற பேரும் மெல்ல மறைந்து, புதுப் பிள்ளைகளுக்கு அவள் வெறும் ஆறாப்பு டீச்சர் ஆனாள்.

எண்பத்தாறில் பத்மாசினிக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் சோலையம்மாள் ரயிலடி வரைக்கும் கூடப் போனாள். பாசஞ்சர் தாமதம். பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"நான்தான் சோலை உன்னைக் கெடுத்துட்டேன்" என்றாள் பத்மாசினி. "நிறுத்து நிறுத்துன்னு சொல்லிச் சொல்லியே... எனக்கு வீட்ல பேசுறப்பக்கூட உன் ஞாபகம் வந்துருது. அறுபத்தி மூணு வந்தப்ப எம்புட்டு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

அதற்குச் சொல்ல வேண்டியது சோலையம்மாளுக்குத் தெரிந்திருந்தது. உன்னால் இல்லை, நீ இல்லாவிட்டால் அதுவரைக்கும்கூட வந்திருக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்துவிட்டது. ஒரு நிமிடம்தான் நின்றது. பத்மாசினி பெட்டியை ஏற்றி, தானும் ஏறி, கதவோரம் நின்று அவள் முகத்தையே பார்த்தாள். சோலையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு எட்டு நடந்தாள். ரயில் வேகம் எடுத்ததும் விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது விருமாண்டி வாழைக்கு மண் அணைத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"போயிட்டாகளா?"

அவள் தலையாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள்.