அசையாத மைனஸ் பதினெட்டு

போன வாரம் கருக்களாச்சேரியிலிருந்து ஒரு போன். “சார், கொஞ்சம் உடனே வாங்க. கம்ப்யூட்டர் கணக்குல தில்லுமுல்லு நடந்திருக்கு.” பேசியவர் சம்பந்தம். இறாலை உறைய வைத்து வெளியூர் கம்பெனிகளுக்கு அனுப்புகிறவர்.

அவருடைய குளிர் அறைக்கு நான்தான் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். படம், பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து... அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறைக்குள் இருக்கும் சென்சாரிடம் எவ்வளவு குளிர் என்று கேட்கும். வந்த பதிலை நேரம் போட்டு ஒரு ஃபைலில் எழுதிவைக்கும். அதை பிரின்ட் எடுத்துக் காட்டினால்தான் கம்பெனிக்காரர்கள் சரக்கைத் தொடுவார்கள்.

போய்ச் சேர்ந்தபோது கலியமூர்த்தி சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். பதினோரு வருடமாக அங்கே மெஷின் ஓட்டுகிறவர். அவரை வேலையை விட்டுப் போகச் சொல்லியாகிவிட்டது!

என்ன நடந்தது? ஆயுத பூஜையன்று காலையில் கம்ப்ரஸரை நிறுத்தி, மாலை போட்டு, சூடம் காட்டியிருக்கிறார்கள். பூஜை போட்ட மெஷினை உடனே ஓட்டுவார்களா? சாயங்காலம்வரை அதற்கும் லீவு. கதவைத் திறக்காமல் வைத்தால் இறாலுக்கு ஒன்றும் ஆகாது — வருடா வருடம் இப்படித்தான்.

சரக்கு பார்க்க வந்த கம்பெனி ஆபீசரிடம் இதை சம்பந்தமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆபீசர் பிரின்ட்டைப் புரட்டினார். அன்று காலை முதல் இரவுவரை மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு. “மெஷினே ஓடலைங்கிறீங்க. ரெண்டு டிகிரியாவது ஏற வேண்டாமா? யாரோ உக்காந்து எழுதின கணக்கு இது” என்றாராம். நான் போனபோதும் பிரின்ட்டும் கையுமாக அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்காருகிறவர் கலியமூர்த்தி ஒருவர்தான். வேறு யார்மேல் பழி விழும்?

“எனக்கு அத ஆன் பண்ண மட்டுந்தாங்க தெரியும். சாமி சத்தியமா நான் ஒண்ணும் எழுதலைங்க” என்றார் என்னைப் பார்த்து.

சென்சார் ஒயர் வந்து சேரும் சின்ன டப்பா சுவரில் இருக்கிறது. அதில் பளிச்சென்று சந்தனமும் குங்குமமும். பூஜைக்கு முதல் நாள் அதையும் ஒரு ஆயுதமாக மதித்து, தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார் கலியமூர்த்தி. திறந்தால் உள்ளே ஈரம், செம்புக் கம்பிகளில் பாசி மாதிரி பச்சைக் களிம்பு. சென்சார் அன்றே வாயை மூடிவிட்டது.

அப்படியானால் மைனஸ் பதினெட்டைச் சொன்னது யார்? புரோகிராமைத் திறந்தேன். நான் எழுதிய ஒரு வரி — உருப்படியான பதில் வராவிட்டால், முந்தைய அளவையே திரும்ப எழுது. நம் ஊரில் கரன்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் சென்சார் ஏதாவது உளறும். பிரின்ட் அசிங்கமாக இருக்கக் கூடாதே என்று நானே சேர்த்த வரி.

அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ‘சென்சார்ல தண்ணி போயிடுச்சு’ என்றால் போதும். அது பொய்யும் இல்லை. அப்படிச் சொல்ல வாயெடுத்தும் விட்டேன். கலியமூர்த்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தப்பு என்னுதுங்க. பொய்க் கணக்கு எழுதினது என் புரோகிராம்” என்று சொல்லிவிட்டேன். வெட்கமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

ஆபீசர் பெட்டிகளை உடைத்துப் பார்த்தார். இறால் கல் மாதிரி இருந்தது. சரக்கை எடுத்துக்கொண்டார், பிரின்ட்டை எடுத்துக்கொள்ளவில்லை. சம்பந்தம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சாவியைக் கலியமூர்த்தி பக்கம் நகர்த்தி, “போ, போயி மெஷினப் பாரு” என்றார்.

கிளம்பும்போது கலியமூர்த்தி வாசல்வரை வந்தார். “ஏங்க... தெரியலைன்னா தெரியலைன்னு எழுத வேண்டியதுதானேங்க?”

இப்போது அப்படித்தான் எழுதுகிறது. அந்த வரியைத் திருத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முன்பெல்லாம் நான் போனால் கூடவே டீ குடிக்க வருகிற கலியமூர்த்திதான் இன்னும் என்னோடு வர மறுக்கிறார்.