ஜட்காவிலிருந்து பார்த்த ஹாக்கி

போன வாரம் மாடி வீட்டுப் பையன் புதிதாக வாங்கிய கிரிக்கெட் மட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். நான் இறங்கி வரும்போது அந்த வாசனை மூக்கில் ஏறியது. ஆளிவிதை எண்ணெய். அப்படியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூச்சு வாங்குகிறதா டீச்சரம்மா என்று கேட்டுவிட்டு, தண்ணீர் கொண்டுவர எழுந்தான். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. ஹாக்கி ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னால் பிள்ளை இன்னும் பயந்துவிடுவான் என்று சும்மா இருந்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. ஒரு காலத்தில் எனக்கு ஹாக்கிப் பைத்தியம் இருந்தது.

புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்து, கீரமங்கலத்துப் பக்கமிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினேன். வீட்டில் கடலைக்காடும் மாடுகளும் தவிர வேறு பேச்சு கேட்டு வளராதவள். சிவகாமி அக்கா தன்னோடு தங்கிக்கொள்ளச் சொன்னாள். அவள் எங்கள் பள்ளியின் டிரில் டீச்சர். கணவர் இறந்த பிறகு படித்து வேலைக்கு வந்தவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நடந்தால் தெருவே ஒதுங்கி வழிவிடும். கடைவீதிக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான வீடு. சுவருக்கு அந்தப்பக்கம் ஜெய்னம்பு. கோட்டைப்பட்டினத்துப் பெண், கணவர் இலங்கையில் வியாபாரம். அவளோடு தம்பி ஹனிபா இருந்தான். பகலில் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பான், சாயங்காலம் டவுன் ஹாக்கி டீமுக்குக் கோல் காப்பான்.

அந்த வீட்டு முற்றத்தில்தான் இந்த வாசனை. டீமின் மட்டைகளையெல்லாம் ஹனிபா வாரம் ஒருமுறை சுவரோரம் வரிசையாகச் சாத்தி எண்ணெய் போடுவான். தரையெல்லாம் எண்ணெய்க் காலடி. ஜெய்னம்பு திட்டிக்கொண்டே சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். திட்டு முடிந்ததும், அந்த வளைந்த முனைக்கு இன்னொரு தடவை பூசு தம்பி, அங்கதான் வெடிக்கும் என்பாள்.

முதல் ஆட்டத்துக்கு நான் போனது சிவகாமி அக்காவின் பிடிவாதத்தால். பத்துப் பேர் ஓடிக்கொண்டிருக்க, ஹனிபா மட்டும் காலில் திண்டு கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, பாவம், காலில் அடிபட்ட பிள்ளையை எதற்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அக்கா அதை ஆசிரியர் அறையில் ஒரு மாதம் சொல்லிச் சிரித்தாள்.

பெண்கள் மைதானத்தில் போய் நிற்கிற காலமில்லை அது. அதிலும் ஜெய்னம்பு வெளியே முகம் காட்டமாட்டாள். எனவே ஜட்கா. சின்னையா என்ற வண்டிக்காரர் எங்களை ஏற்றிப்போய், வண்டியின் பின்பக்கத்தை மைதானத்தை நோக்கித் திருப்பி நிறுத்துவார். உள்ளே வைக்கோல் மேல் போட்ட ஜமுக்காளத்தில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, பின்திரையை விலக்கிப் பார்ப்போம். ஒரே ஒரு கஷ்டம், கூட்டம் விசிலடித்தால் குதிரை மிரண்டு வண்டியைத் திருப்பிவிடும். எங்கள் டீம் கோப்பை வாங்கிய இறுதி ஆட்டத்தில், அந்த வெற்றி கோல் விழுந்தபோது நான் ஒரு புளியமரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஊரே அங்கிருந்தது. வறுகடலைக்காரர்கள் விற்றுத் தீர்ந்த சாக்கை உதறிக் காட்டினார்கள். கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழ ராஜ வீதி முழுக்கச் சுற்றினார்கள். ஹனிபாவுக்குக் கடைவீதியில் ஒரு மாதம் டீக்குக் காசு வாங்கவில்லை.

பிறகு ராஜாவின் சமஸ்தானம் போயிற்று. நாடு ஒன்றானதில் எங்களுக்கும் சந்தோஷம்தான்; கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளைப் பாடவைத்தவளே நான். ஆனால் அதனால் ஹாக்கிக்கு என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. டீமில் பாதிப் பேர் சமஸ்தான ஆபீஸ்களில் வேலை பார்த்தவர்கள். திருச்சி ஜில்லாவோடு சேர்ந்ததும் மாற்றல் உத்தரவு வந்தது. கோல் போடுகிற சென்டர் ஃபார்வர்ட் சேலத்துக்குப் போனார். அவருக்குப் பந்து தள்ளுகிறவர் கடப்பைக்குப் போனார். தைமாதம் மறுபடி பந்தயம் தொடங்கியபோது, போன வருடத்துச் சாம்பியன் என்ற பெயர் எங்களுக்கு இருந்தது, ஆடுவதற்கு ஆள் இல்லை. கேப்டன் மரக்கடைக்காரர். தன் கடையில் அறுவை வேலை பார்த்த இரண்டு பேருக்கும், கல்லூரிப் பையன்கள் மூன்று பேருக்கும் மட்டையைக் கொடுத்து இறக்கினார்.

முதல் ஆட்டத்தில் மதுரைக்காரர்கள் மூன்று கோல் போட்டார்கள். அடுத்ததில் தஞ்சாவூர்க்காரர்கள் நான்கு. ஊர் முதலில் கோபப்பட்டது, பிறகு கேலி செய்தது, பிறகு வருவதை நிறுத்திக்கொண்டது. கேலியெல்லாம் ஹனிபா தலையில் விழுந்தது. பந்து வலைக்குள் போகும்போது கடைசியாகப் பக்கத்தில் நிற்பவன் அவன்தானே. ஜவுளிக்கடைக்கு வருகிறவர்கள், கிழிசல் இல்லாத துணியாகக் கொடப்பா, ஒன் கையில எல்லாம் ஓட்டையா இருக்கு என்றார்களாம்.

மூன்றாவது ஆட்டம் திருச்சிக்காரர்களோடு. எங்கள் ஜட்காவை விட்டால் மைதானத்தில் இருந்தது கொஞ்சம் ஆடுகளும், அவற்றை மேய்க்க வந்த ஒரு கிழவரும், கேலி பேசுவதற்கென்றே வந்த ஒரு கும்பலும்தான். குதிரை அன்று ஒருமுறைகூட மிரளவில்லை. நான் நிம்மதியாக முழு ஆட்டத்தையும் பார்த்தேன், பார்க்காமலிருந்திருக்கலாம். ஹனிபா அன்று ஆடியதுபோல் நான் பிறகு எங்கும் கண்டதில்லை. செம்மண்ணில் விழுந்து விழுந்து ஆளே சிவந்துபோயிருந்தான். முடிகிற நேரத்தில் சாதாரணமாக உருண்டு வந்த ஒரு பந்து அவன் கால்களுக்கு நடுவே போய்விட்டது. அந்தக் கும்பல் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

ஆட்டம் முடிந்ததும் ஹனிபா நேரே எங்கள் வண்டிக்கு வந்தான். காலில் கட்டியிருந்த திண்டுகளை அவிழ்த்து வண்டிச் சக்கரத்தின் மேல் போட்டான்.

"வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லு ராத்தா. இனிமே நான் வரல."

ராத்தா என்றால் அக்கா. கேப்டன் கொஞ்ச தூரத்தில் நின்றார். பந்தயத்தில் கடைசியாக வருகிற டீமுக்கு அடுத்த வருடம் அழைப்புக் கிடையாது என்பது விதி. காரைக்குடிக்காரர்களும் எங்களைப்போலவே எல்லா ஆட்டமும் தோற்றிருந்தார்கள்; ஆனால் விட்ட கோல் எங்களைவிட ஒன்று குறைவு. கடைசி ஆட்டம் அவர்களோடுதான். ஹனிபா இல்லாமல் அதை ஆடுவதும் ஒன்று, ஆடாமல் வீட்டில் இருப்பதும் ஒன்று.

ஜெய்னம்பு திரையை விலக்கினாள். வெளி ஆண்கள் இருக்கிற இடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதில்லை.

"இன்னைக்கு நீ எத்தனை பந்தத் தடுத்தே, போனது எத்தனை? போனது மட்டுந்தான் ஊருக்குத் தெரியும். தடுத்ததெல்லாம் இங்க உக்காந்திருக்கிற எங்க மூணு பேருக்குத் தெரியும். எங்களுக்காக ஆடு."

ஹனிபா சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்னையா திண்டுகளை எடுத்துத் தூசி தட்டி அவன் கையில் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் எங்களுக்கு வேறு வினை காத்திருந்தது. தலைமை ஆசிரியை சிவகாமி அக்காவையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஆம்பிளைகள் ஆடுகிற இடத்தில் வண்டிக்குள் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தலைமை ஆசிரியை கண்டிப்பானவர். அவர் அறைக்குள் போகும்போது பல்லியும் சத்தம் போடாது. எனக்கு வேலை போய்விட்டது, இனிக் கீரமங்கலத்தில் கடலை பிடுங்கவேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அக்கா நிதானமாக இருந்தாள். விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பது தன் வேலை, விளையாட்டைப் பார்க்காமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றாள். அது உண்மையும்கூட. பள்ளியில் ஹாக்கி மட்டை வாங்க வசதியில்லாமல், வளைந்த கருவேலங்கொம்புகளை வெட்டிக்கொண்டுவந்து பெரிய வகுப்புப் பெண்களுக்கு ஆட்டம் பழக்கிக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியை கேட்டுவிட்டு, போன வருஷமாவது ஜெயித்தார்கள், இந்த வருஷம் தோற்கிறதைப் பார்க்க எதற்குப் போகவேண்டும் என்றார்.

"ஜெயிச்சா போறதுக்கு ஊரே இருக்குங்கம்மா. தோத்தா போறதுக்கு நாலு பேரு வேணும்ல?"

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கிறவரை நான் சுவரில் இருந்த தேசப்படத்தில் கடப்பையைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் சொன்னது இதுதான்: போவதானால் திருட்டுத்தனமாக வண்டிக்குள் உட்காராதீர்கள், பள்ளிக்கூடத்து பெஞ்சை எடுத்துப்போய் மரியாதையாக உட்காருங்கள். ஆட்டம் பழகுகிற பெண்களையும் அவரவர் வீட்டில் கேட்டுக்கொண்டு அழைத்துப்போங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் முதுகு நிமிர்கிறது. ஜட்காவின் கூரைமேல் இரண்டு பெஞ்சுகளைக் கட்டிக்கொண்டு சின்னையா முன்னால் போனார். பின்னால் தாவணி போட்ட பெண்கள் முப்பது பேர், இரண்டிரண்டாக, அக்காவின் விசிலுக்கு அடியெடுத்து நடந்தார்கள். கடைவீதியில் வியாபாரம் நின்றுபோனது. எங்க போறீங்க என்று கேட்டவர்களுக்கெல்லாம், மேச்சுக்குப் போறோம் என்று பதில் வந்தது. பெண்பிள்ளைகள் போகிறார்கள், நாம் கடையில் உட்கார்ந்திருக்கிறோமே என்று சிலருக்கு உறுத்தியிருக்கவேண்டும். ஆட்டம் தொடங்கும்போது சுற்றிலும் தலைகள். வறுகடலைக்காரர் ஒருவர்கூட வந்துவிட்டார். எங்கே கூட்டம் சேரும் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

காரைக்குடிக்காரர்கள் முதலில் ஒரு கோல் போட்டார்கள். பழைய பழக்கத்தில் கூட்டத்திலிருந்து ஒருவன் ஹனிபாவைப் பார்த்து ஏதோ சொன்னான். எங்கள் பெண்களில் ஒருத்தி, எட்டாம் வகுப்புதான் படித்தாள், திரும்பிப் பார்த்து, அது முன்னால நிக்கிற பேக் விட்ட பந்து, கோல் கீப்பர் மேல தப்பில்ல என்றாள். ஒரு சின்னப் பெண் ஆட்டம் தெரிந்து பேசியதும் அவன் வாயை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு ஹனிபாவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

இடைவேளைக்குப் பின், மரக்கடையில் ரம்பம் இழுக்கிறவர் ஒருவர், ஹாக்கிக்கும் விறகு பிளப்பதற்கும் அதிக வித்தியாசம் பார்க்காதவர், பந்தை ஓங்கி ஒரு போடு போட்டார். அது எப்படிப் போனதென்று அவருக்கே தெரியாது. கோல். சரிசமம். எங்களுக்கு ஜெயிக்கக்கூட வேண்டாம், தோற்காமல் இருந்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் சரிசமம் போதாது. கோல் கணக்கில் நாங்கள் ஒன்று பின்தங்கியிருந்தோம். அக்காதான் அதை என் காதில் சொன்னாள்.

கடைசி நேரத்தில் காரைக்குடிக்காரர்களுக்கு ஷார்ட் கார்னர் கிடைத்தது. கோலுக்கு எதிரே அத்தனை பேரும் குவிந்து நின்று அடிக்கிற அடி அது. அடித்தார்கள். ஹனிபா காலால் தடுத்தான். திரும்ப வந்த பந்தை மறுபடி அடித்தார்கள். படுத்துக்கொண்டு கையால் தட்டினான். எழுந்து, அந்தப் பந்தைத் தானே ஓங்கி உதைத்துக் கூட்டத்தைத் தாண்டி அனுப்பினான். அது கல்லூரிப் பையன் ஒருவன் மட்டைக்குப் போனது. எதிராளிகள் எல்லாரும் இங்கிட்டு நிற்க, அங்கிட்டு வெறும் மைதானம். அவன் ஓடினான். முப்பது பெண்களும் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். விசில் பறந்தது. குதிரை மிரண்டது. வண்டிக்குள்ளிருந்த ஜெய்னம்பு, சின்னையாண்ணே, திரும்பாமப் புடிங்க என்று பதறியது எனக்குக் கேட்டது. அவர் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். இந்தத் தடவை வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கோல் விழுந்ததை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

கோப்பை திருச்சிக்குப் போனது. எங்கள் கேப்டன் அதைப் புளிபோட்டு விளக்கிப் பளபளவென்று கொண்டுவந்து, இரண்டு கையாலும் அவர்கள் கேப்டனிடம் கொடுத்தார். யாரும் தலை குனியவில்லை. கோப்பையைக் கொடுத்துவிட்டு வந்த டீமைத்தான் அன்று ஊர் தோளில் தூக்கியது. திருச்சிக்காரர்கள் கோப்பையை வைத்துக்கொண்டு, இந்த ஊருக்கு என்ன ஆகிவிட்டது என்று விழித்துக்கொண்டு நின்றார்கள். ஹனிபா தோளிலிருந்து நழுவி இறங்கி வண்டிக்கு வந்தான். ஜெய்னம்பு அவன் தலையிலிருந்த செம்மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு, பசிக்குதா தம்பி என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறமும் சில வருடங்கள் பந்தயம் நடந்தது. நாங்கள் மறுபடி கோப்பை வாங்கவில்லை, ஆனால் கடைசியாகவும் வரவில்லை. சிவகாமி அக்கா மாற்றலாகி அறந்தாங்கிப் பக்கம் போனாள். ஜெய்னம்புவைக் கணவர் இலங்கைக்கு அழைத்துக்கொண்டார். ஜட்காக்கள் இருந்த இடத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷா வந்தது. மைதானத்தின் ஒரு மூலையில் கட்டடம் ஒன்று எழும்பியது, பிறகு இன்னொன்று. கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது, எங்கள் பெஞ்சு கிடந்த இடம் எதுவென்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. புளியமரம்கூட இல்லை.

கோப்பை வாங்கிய வருடத்தில் யார் யார் ஆடினார்கள் என்று கேட்டால் தடுமாறுவேன். ஐந்தாறு பெயருக்கு மேல் வராது. தோற்றுக்கொண்டே இருந்த வருடத்துப் பதினொரு பேரையும், ரம்பம் இழுத்தவர்கள் இரண்டு பேர் உட்பட, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவர்களில் இன்று ஒருவரும் இல்லை.