ஆப்பிள் சாறும் நல்ல பட்டையும்

அந்தத் தீபாவளிக்கு என் கொழுந்தனார் அமெரிக்காவிலிருந்து டெக்கீலா என்ற சரக்கோடு திருச்செங்கோட்டுக்கு வந்தார். ஆப்பிள் சாறு, எலுமிச்சை, பட்டை சேர்த்து அங்கே இலையுதிர்காலத்தில் குடிப்பார்களாம். அதைக் கலக்கித் தர, பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடைக்காரரை வீட்டுக்கே கூட்டி வந்தார்கள்.

ஒல்லியான மனிதர். நெற்றி நிறையத் திருநீறு. எதையும் ருசி பார்க்க மாட்டார். கண்ணை மூடி மோந்து பார்த்துத் தலையாட்டினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு ஜக்குகள் தயாராயின. சரக்குக் கலந்தது ஆண்களுக்கு, வெறும் சாறு எனக்கும் நாத்தனாருக்கும். வருஷா வருஷம் இதே கதைதான். ஜூஸ்காரரிடம் மெல்லக் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, ஜக்கை மாத்திக் குடுத்துருங்களேன்."

"கலக்கறது மட்டுந்தானுங்க அம்மணி என் வேலை. எது எங்க போவுதுன்னு நான் பாக்கறதில்லீங்க."

சொல்லிவிட்டு, ஐஸ் உடைக்கத் திரும்பி நின்றுகொண்டார். வெகுநேரம் உடைத்தார். நான் ஜக்குகளை இடம் மாற்றி வைத்தேன்.

உள்ளறையில் நானும் நாத்தனாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கூடத்தில், வெறும் சாறு குடித்த கொழுந்தனார் தள்ளாடியபடி பாடினார். என் கணவர் ஜூஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, இந்தத் தூக்குத் தூக்குது!"

"நல்ல பட்டைங்க. அப்படித்தானுங்க தூக்கும்," என்றார் அவர், முகம் மாறாமல்.

பிறகு எத்தனையோ முறை அவர் கடைக்குப் போயிருக்கிறேன். அந்த நாளைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஆனால் நான் சாத்துக்குடி ஜூஸ் கேட்டால் மட்டும், மரியாதையாகக் குனிந்து கேட்கிறார்:

"வெறும் ஜூஸு போதுங்களா, அம்மணி?"