வேறெங்கும் காட்டவில்லை

பாப்பம்மாவைப் பற்றி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் பேரை விட மனமில்லாமல் பெற்ற பிள்ளையின் இருதயத்தைக் கெடுத்துக்கொண்டவள் என்பது அதில் ஒன்று. தேயிலை மலையில் ஒரு நாள் வேலைக்குப் பதிகிற சம்பளத்தைத்தான் நாங்கள் பேர் என்போம். இந்தக் கதையைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் அந்த வருஷங்களில் தும்மவும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவர்கள். இன்றைக்கு நியாயம் பேச வந்துவிட்டார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுடைய காம்பராவுக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரே சுவர். அவள் பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் கிருஷ்ணம்மா. இந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவள். தாய்மார் மலைக்குப் போனதும் கைக்குழந்தைகளையும் நடைகுழந்தைகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் தோட்டம் யட்டவத்தைக்கு மேலே இருக்கிறது. கடைவீதிக்குப் போவதென்றால் இறக்கம், திரும்புவதென்றால் மூச்சு முட்டுகிற ஏற்றம்.

பாப்பம்மா இங்கேயே பிறந்து, இங்கேயே மாரிமுத்துவைக் கட்டிக்கொண்டவள். கொழுந்து எடுப்பதில் அவள் கைக்கு அப்படி ஒரு வேகம், வாய்க்கு மட்டும் வேகம் கிடையாது. கங்காணி ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். கலியாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. மாத்தளை மாரியம்மன் தேருக்கு வருஷா வருஷம் நடந்தே போய்க் கும்பிட்ட பிறகுதான் சந்திரகாந்தா பிறந்தாள். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. என்னிடம் வளர்ந்தவர்களில் என்னை அதிகம் ஓடவைத்தது அவள்தான்.

அந்தப் பிள்ளைக்கு ஏழு வயதில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தன. காய்ச்சல் விட்ட பிறகு ஒரு முழங்கால் வீங்கியது. அது வற்ற, மற்ற முழங்கால் வீங்கியது. பிறகு மணிக்கட்டு. பிள்ளை எங்காவது விழுந்திருக்கும் என்று தோட்டத்து மருந்துக்காரர் தைலம் கொடுத்தார். பாப்பம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாத்தளை டவுனுக்கு, டொக்டர் ஞானசுந்தரத்திடம் போனாள். அவர் யாழ்ப்பாணத்து மனிதர். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய டிஸ்பென்சரியை எரித்தார்கள். சொந்தக்காரர்கள் ஊருக்கு வந்துவிடச் சொல்லியும் கேட்காமல், வேறொரு தெருவில் சின்ன அறை எடுத்து மறுபடி உட்கார்ந்தவர்.

அவர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு பாப்பம்மாவை உட்காரச் சொன்னார்.

“இஞ்ச பாருங்கோ அம்மா, இது மூட்டில வாற வருத்தம் மாதிரித்தான் இருக்கும். ஆனா திரும்பத் திரும்ப வந்தா இருதயத்தைக் கெடுத்துப்போடும். இப்ப இருதயம் சுகமா இருக்கு. மாசம் ஒருக்கா ஊசி போடவேணும். பிள்ளை வளர்ந்து பெரிசாகுமட்டும் விடப்படாது. சுகமா ஓடித் திரிஞ்சாலும் விடப்படாது.”

“சரிங்கய்யா” என்றாள் பாப்பம்மா. சொன்னபடியே செய்தாள்.

எங்களிடம் கலண்டர் கிடையாது. அவள் போயாவைக் கணக்காக வைத்துக்கொண்டாள். முழுநிலா வந்து, போயா லீவு முடிந்த மறுநாள் ஊசி. அன்றைக்கு அவளுக்குப் பேர் இல்லை. கொழுந்து குவிகிற காலமானாலும் சரி, அடைமழையானாலும் சரி, போயா கழிந்த மறுநாள் கங்காணி இராமசாமி அவளைத் தேடவே மாட்டார். பேருக்கு ஆசைப்பட்டவள் என்று சொல்கிறவர்கள் அவரிடம் கேட்டிருக்கலாம். அது கெட்டியான மருந்து. போட்ட இடம் கட்டிக்கொண்டு பிள்ளை நொண்டும், பஸ்ஸில் அழுதுகொண்டே வரும். ஆனால் வீக்கம் திரும்பி வரவில்லை.

பிறகு எண்பத்தொன்பது வந்தது.

கடையை மூடு என்று ஒரு பக்கம், திற என்று இன்னொரு பக்கம். பஸ் ஓடக்கூடாது என்று சுவரில் நோட்டீஸ், ஏன் ஓடவில்லை என்று துப்பாக்கி. சிங்கள இளவட்டங்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த சண்டை அது. நாங்கள் நடுவில் கிடந்தோம். பொழுது சாய்ந்தால் முகத்தை மூடிக்கொண்டு சிலர் வந்து, ஆமிக்காரன் யாரிடம் பேசினான் என்று கேட்பார்கள். விடிந்தால் ஆமி வந்து, அவர்களுக்குச் சோறு கொடுத்தது யார் என்று கேட்கும். யார் கேட்டாலும் லயம் முழுக்க ஒரே பதில்தான். “நே மாத்தயா.” இல்லை ஐயா என்று அர்த்தம். கண்டாயா? நே மாத்தயா. போனாயா? நே மாத்தயா. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் நாகமுத்து என்ற பையன் மட்டும் ஒருநாள், “அந்தப் பக்கம் போனாங்க” என்று கையைக் காட்டிவிட்டான். அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட கேள்வி முடிவதற்குள் இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டன.

அந்த வருஷம் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய ஒரு நாள், பாதிவழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பாப்பம்மா நடந்தாள். ஊசி போட்ட காலோடு பிள்ளையும் நொண்டிக்கொண்டு நடந்தது. ஒரு மதகுக்குப் பக்கத்தில் டயர் எரிந்துகொண்டிருந்தது. எரிந்தது டயர் மட்டுமல்ல. பாப்பம்மா முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடினாள். மூடுவதற்கு முன்பே அது பார்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

“இனிமே அந்த ரோட்டால இவள கூட்டிக்கிட்டுப் போக மாட்டேன்” என்று பாப்பம்மா சொன்னது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது.

“அப்ப ஊசி?” என்றான் மாரிமுத்து.

“கீழ கடவீதியில புதுசா டாக்டர் வந்திருக்காருல்ல. ஊரே அங்கதானே காட்டுது.”

அவள் சொன்னது டொக்டர் ஏக்கநாயக்கவை. ஓய்வு பெற்ற சிங்களவர், இத்ரூஸ் நானாவின் துணிக்கடைக்குப் பக்கத்து அறையில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். பஸ் வேண்டாம், நடந்தே போய்வரலாம். வேளையோடு திரும்பினால் அரைப்பேராவது கிடைக்கும். ஆனாலும் பாப்பம்மாவுக்கு இரண்டு மனம். மறுநாள் என்னிடம் வந்தாள்.

“அக்கா, டாக்டர மாத்துறது சரிதானா? ஞானசுந்தரம் ஐயாவோட கைராசியிலதான் புள்ள எந்திரிச்சு நடந்துச்சு. இவரு கை எப்படியோ?”

“கைராசிய தூக்கி அடுப்புல போடு. மொதல்ல புள்ள உசுரோட வீடு வந்து சேரணும். கீழயே காட்டு” என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அடுத்த போயா கழிந்த மறுநாள், ஊசியைக் கேட்டுப் போடுவிப்பது என்ற எண்ணத்தோடுதான் அவள் போனாள். பிள்ளைக்குக் கொஞ்சம் சளியும் இருந்தது. அறையில் கையில் கட்டுப் போட்ட ஓர் ஆமிக்காரன் முறைக்காக உட்கார்ந்திருந்தான். டொக்டர் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, நல்ல டொக்டர் கேட்கவேண்டியதைச் சிங்களத்தில் கேட்டார்.

“இதற்கு முன் பிள்ளைக்குப் பெரிய வருத்தம் ஏதும் வந்ததா? வேறு டொக்டரிடம் காட்டினாயா? எங்காவது போனாயா?”

“நே மாத்தயா” என்றாள் பாப்பம்மா.

அன்று மாலை என் வாசலில் வந்து நின்றபோது அவள் முகம் சரியாக இல்லை.

“போனியான்னு கேட்டதும் வாய் தானா சொல்லிருச்சுக்கா. அங்க ஒரு ஆமிக்காரன் வேற. யாழ்ப்பாணத்து டாக்டர் பேர எப்பிடிச் சொல்றது?”

“ஊசி போட்டாரா இல்லியா?”

“சளிக்குத் தண்ணி மருந்து குடுத்தாரு.”

“அடுத்த தடவ உள்ளத சொல்லு புள்ள.”

“ஒருக்கா இல்லன்னு சொல்லியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா என்னைய என்னான்னு நெனப்பாரு? கொழாய வச்சுப் பாத்தாருல்ல. டாக்டருன்னா பாத்தா தெரியாதா? தேவன்னா போடுவாரு.”

அவளைக் குறை சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதல்நாள் ஒன்றும் மறுநாள் ஒன்றும் சொன்னவர்களை அந்த வருஷம் என்ன செய்தார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். டொக்டர் என்றால் தொட்டவுடன் உள்ளேயிருப்பதெல்லாம் தெரிந்துவிடும் என்று எங்கள் லயத்தில் நம்பாதவர் யார்?

அடுத்த போயா வந்தது, போனது. அதற்கடுத்ததும் அப்படியே. பாப்பம்மா மறுநாட்களில் மலைக்குப் போனாள். பிள்ளை ஊசி இல்லாத சந்தோஷத்தில் லயத்து வாசலில் பாண்டி விளையாடியது. சுகமாக ஓடித் திரிந்தது. சுகமாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று மாரிமுத்துகூடச் சொல்லத் தொடங்கினான். ஆனால் முழுநிலா ஏறுகிற நாட்களில் பாப்பம்மா தூக்கமில்லாமல் புரள்வது எனக்குக் கேட்கும்.

வருஷக் கடைசியில் பிள்ளைக்கு மறுபடி தொண்டை நோவு. பிறகு முழங்கால்கள். இந்தத் தடவை வேறொன்றும் வந்தது. படுத்தால் மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டது. நெஞ்சு சட்டைக்கு மேலாகத் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. மாரிமுத்து பிள்ளையை முதுகில் சுமந்து இறக்கத்தில் ஓட, நானும் பாப்பம்மாவும் பின்னால் ஓடினோம். சிங்களம் எனக்கு நன்றாக வரும் என்பதால் அவள் என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

ஏக்கநாயக்க குழாயை வைத்தார், எடுத்தார், இடம் மாற்றி மறுபடி வைத்தார். அவர் முகம் மாறியது. பழைய கேள்வியையே மெதுவாகக் கேட்டார். முன்பு எங்காவது காட்டினாயா?

“நே…” என்று தொடங்கிய பாப்பம்மா பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு தமிழில் கொட்டித் தீர்த்தாள். முதல் வீக்கம், ஞானசுந்தரம் ஐயா, போயா, ஊசி, மதகு எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அவ்வளவு பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நான் சிங்களத்தில் சொல்லச் சொல்ல டொக்டர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். திட்டுவார் என்று பயந்தேன். அவர் எழுந்துபோய்க் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, ரப்பர் மூடி போட்ட ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே வெள்ளைத் தூள்.

“இந்த ஊசியா?” என்று கேட்டார்.

பாப்பம்மாவுக்கு அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“இது என்னிடம் எப்போதும் இருக்கிறது” என்றார் டொக்டர். “இந்த ஊரில் இன்னும் சில பிள்ளைகளுக்கு மாதாமாதம் போடுகிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பிள்ளைக்கும் இங்கேயே போட்டிருப்பேனே.”

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் அடங்கிய குரலில் சொன்னார். பாப்பம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “இந்த வாய்தான், இந்த வாய்தான்” என்று தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். டொக்டர் குனிந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். மாரிமுத்து வாசல் நிலையில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் பிள்ளை நெடுநாள் கிடந்தது. இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, உயிருக்கு இப்போது பயமில்லை, ஆனால் பழையபடி ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். பாதை திறந்ததும் பாப்பம்மா மாத்தளைக்குப் போய் ஞானசுந்தரம் ஐயாவின் முன்னால் கைகட்டி நின்றாள். அவர் ஒரு கேள்விதான் கேட்டாராம்.

“இப்ப ஊசி ஆர் போடினம்?”

“கீழ இருக்கிற ஏக்கநாயக்க டாக்டருங்கய்யா.”

“நல்லது. கிட்டவா இருக்கிறவர்தான் நல்லது. அவரை விடாதேங்கோ.”

அவள் விடவில்லை. ஏக்கநாயக்க டிஸ்பென்சரியை மூடுகிற வரைக்கும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஊமை என்று பேரெடுத்தவள், வரிசையில் நிற்கிற தாய்மார்களிடம் தானாகப் போய், “கேக்காததையும் சொல்லுங்க, எல்லாத்தையும் சொல்லுங்க” என்று சொல்லத் தொடங்கினாள். சிலருக்கு அது தொந்தரவாக இருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

சந்திரகாந்தா இப்போது வளர்ந்துவிட்டாள். பாரமான வேலை ஆகாது என்பதால், கடைவீதியில் றஹீம் நானாவின் தையல்கடையில் பொத்தான் கட்டுகிறாள். மாலையில் அவளைக் கூட்டிவரப் பாப்பம்மா கீழே இறங்கிப் போவாள். போன வாரம் நானும் அவர்களோடு ஏறி வந்தேன். முதல் வளைவிலேயே பாப்பம்மா, “அம்மாடி, முழங்கால் நோவுது” என்று கல்லில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் எங்கள் தோட்டத்துச் செங்குத்து மலையில் நாள் முழுக்கக் கூடையோடு ஏறுகிறவள் அவள். முழங்காலில் ஒரு நோவும் கிடையாது. சந்திரகாந்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது, தோள் ஏறி இறங்கியது. நானும் ஒரு வேரில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை அம்மாவின் முழங்காலைத் தடவிக்கொண்டே, “இப்ப சரியாம்மா? போவமா?” என்று கேட்டது.

“இன்னுங் கொஞ்சம் நோவுது” என்றாள் பாப்பம்மா. பிள்ளையின் மூச்சு இன்னும் அடங்கவில்லை என்று அவளுக்குக் கேட்டிருக்கிறது.