சித்தன்னவாசலுக்குப் போன என் கைலி

புதுக்கோட்டையிலேயே பிறந்து, புதுக்கோட்டையிலேயே வேலை பார்த்து, பத்தே மைலில் இருக்கும் சித்தன்னவாசலை எட்டிப் பார்க்காமலே காலத்தை ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறைய. நாற்பத்தாறு வயது வரை நானும் அந்தக் கட்சிதான். இந்த 1963 பொங்கல் லீவில்தான் குடும்பத்தோடு போய்வந்தேன். போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காரணம் என் மகள் வசந்தா. போன வருஷம் மெட்ராஸில் ஓவியப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். பாரத்தில் கையெழுத்துப் போட்டது நான், அதற்காகத் திட்டு வாங்கியதும் நான். என் மனைவி பார்வதி ஒரு கெடு வைத்தாள். "பொங்கலுக்கு வாரப்ப இவ என்ன கத்துக்கிட்டான்னு என் கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா சித்திரையில கல்யாணம்." வெறும் பேச்சில்லை. திருமயத்தில் அரிசி மில்காரர் வீட்டில் மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தாள்.

பொங்கலுக்கு வந்த வசந்தா தன் படங்களைக் கூடத்தில் பரப்பினாள். நாலு கத்தரிக்காய், ஒரு பானை, மூக்கு உடைந்த ஒரு பொம்மைத் தலை.

"கத்தரிக்கா வரையவா மெட்ராஸு? இங்கிட்டு சந்தையில கெடைக்காதா?" என்றாள் பார்வதி. நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பிறகு கவனித்தேன்.

இரண்டு நாள் கழித்து போமா வந்தார். அவர் நைஜீரியாக்காரர், முப்பது வயசு இருக்கும், நல்ல உயரம். வசந்தாவின் பள்ளியில் ஒரு வருஷம் தங்கி வேலை செய்ய வந்த ஓவியர். மனித முகங்கள்தான் வரைவாராம். சித்தன்னவாசல் குகைக் கோயிலின் கூரையில் ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட ஓவியம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பார்க்க ஆசைப்பட்டார். எங்கள் ஊர்க்காரனான எனக்கு அது இருக்கிறது என்பதே அவர் சொல்லித்தான் உறுதியானது.

வீட்டுக்குள் நுழைந்தவர் சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரியாதையாக ஏதோ கேட்டார். நான் படித்தது நாலாவது ஃபாரம் வரைதான். என் இங்கிலீஷ் முன்னுக்கு வருவதற்குள் வசந்தா தமிழில் சொல்லிவிட்டாள்.

"அப்பா பக்கத்துல நிக்கிறது அம்மாவோட அக்காவான்னு கேக்குறாரும்மா."

நான் பார்வதியின் முகத்தைப் பார்த்தேன். பார்வதி நல்ல கறுப்பு. ஸ்டூடியோக்காரர் பவுடரை அப்பி, போதாதென்று நெகட்டிவிலும் பென்சிலைத் தேய்த்து அவளை வெள்ளைக்காரி ஆக்கியிருந்தார். பார்வதி சிரித்துவிட்டாள்.

"அது யாருன்னு எனக்கே தெரியாது தம்பி. இருவது வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

போமாவும் சிரித்தார். அவர் ஊர் ஸ்டூடியோவிலும் இதே பவுடர், இதே பென்சில்தானாம். அவர் அம்மாவின் போட்டோவில் அம்மாவே இல்லையாம். அதனால்தான் முகம் வரையக் கற்றுக்கொண்டேன் என்றார்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ். அன்னவாசல் ரோட்டில் போகும் எந்த பஸ்ஸும் சரி. ஆளுக்கு முப்பத்தைந்து நயா பைசா. பத்து மைல், புதுக் கணக்கில் பதினாறு கிலோமீட்டர் என்கிறார்கள். பெயர் மாறினாலும் குலுக்கல் மாறவில்லை. கண்டக்டர் போமாவுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டே, "சாருக்கு எந்த ஊருண்ணே?" என்று என்னைக் கேட்டார்.

"ஆப்பிரிக்கா."

"அங்கிட்டும் பஸ்ஸு இப்படித்தான் இருக்குமாண்ணே?"

வசந்தா கேட்டுச் சொன்னாள். "அங்க கூரை மேலயும் ஆள் ஏத்துவாங்களாம்."

"அப்ப நம்ம மொதலாளி காதுல இது விழுகக்கூடாது" என்று கண்டக்டர் விசில் கொடுத்தார்.

சித்தன்னவாசல் விலக்கில் இறங்கி ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடவே நடக்கவேண்டும். இருபுறமும் கடலைக்கொல்லை. கடை கண்ணி கிடையாது, தண்ணீர் நாம்தான் கொண்டுபோகவேண்டும். என் பையில் புளிச்சோற்றுத் தூக்கு, சாப்பிட்டதும் விரித்துப் படுக்க ஒரு புதுக் கைலி, யாருக்கும் தெரியாமல் ஒரு பவுடர் டப்பா. ஓவியர் கூட வருகிறாரே, குடும்பப் படம் ஒன்று தேறாதா என்கிற நப்பாசைதான்.

எட்டரைக்குக் குகை வாசலில் நின்றோம். காவல்காரர் கதவைத் திறந்தார். உள்ளே ஒரே இருட்டு. கூரையில் ஓவியமும் இருக்கலாம், ஒட்டடையும் இருக்கலாம்.

"கோயில் மேக்குப் பாத்ததுங்க. வெயில் சாஞ்சாத்தான் உள்ள வெளிச்சம் விழும். மூணு மணிக்கு வந்திருக்கணும். காலையில கூட்டிக்கிட்டு வரச் சொன்ன புண்ணியவான் யாருங்க?" என்றார் காவல்காரர்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மலையைப் பார்த்தேன்.

வேறு வழியில்லாமல் பாறை மேல் உட்கார்ந்தோம். பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. காற்றில் பார்வதியின் முந்தானை தலையில் நிற்கவில்லை. குளத்தூர்ப் பக்கத்து விவசாய வீட்டில் பிறந்தவள். சட்டென்று என் பையிலிருந்து கைலியை உருவி, களையெடுக்கும் பெண்கள் துண்டைக் கட்டுவதுபோல் தலையில் இறுக்கிச் சுற்றி, ஓரத்தைச் செருகிக்கொண்டாள். நீலத்தில் சிவப்புக் கட்டம் போட்ட கைலி.

போமா எழுந்து நின்றுவிட்டார். வசந்தாவிடம் படபடவென்று பேசினார்.

"அவங்க அம்மா இதே மாதிரிதான் கட்டுவாங்களாம்பா. இதே துணி. நம்ம பக்கத்துலேர்ந்து கப்பல்ல போகுமாம். அவங்க ஊர்ல பொறந்த பிள்ளைக்கு மொதல்ல சுத்துறதே இந்தக் கட்டம் போட்ட துணிதானாம். பெரிய மனுசிங்க விசேசத்துக்குக் கட்டுறதும் இதுதான்."

கீழராஜ வீதி ஜவுளிக் கடையில் இருபது வருஷமாகத் துணி கிழித்துப் போடுகிறவன் நான். நம் கட்டம் போட்ட துணி ரங்கூன், சிங்கப்பூர் போவது தெரியும். ஆப்பிரிக்காவில் விசேஷத்துக்கு உடுத்துகிறார்கள் என்பது தெரியாது. நான் அதைக் கட்டிக்கொண்டுதான் பல் விளக்குகிறேன்.

போமா பார்வதியை அப்படியே உட்காரவைத்து வரைய வேண்டும் என்றார்.

"இந்தக் கோலத்துலயா? பட்டுச் சேலை கட்டி, நகை போட்டு உக்காரச் சொன்னாலும் பரவாயில்ல. புருசன் கைலியத் தலையில சுத்திக்கிட்டா? போங்க அங்கிட்டு" என்றாள் பார்வதி.

இதுதான் சமயம் என்று பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினேன். போமா அதை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "நல்ல வாசனை" என்று இங்கிலீஷில் சொல்லித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் வசந்தா அம்மாவின் எதிரில் போய் நின்றாள். "நான் என்ன கத்துக்கிட்டேன்னு கேட்டீங்கள்ல? மொகத்துக்கு நெறம் கலக்கத்தான் இவர்கிட்ட கத்துக்கிட்டேன். ஒங்க மொகத்துக்கு நானே கலக்குறேன். பாத்துட்டு ஒண்ணும் தேறலைன்னு சொன்னீங்கன்னா சித்திரைக்கு நானே தலையாட்டுறேன். அப்புறம் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

பந்தயம் கட்டும் புத்தி என் பக்கத்து ரத்தம். பார்வதி மகளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, கலக்கு" என்று உட்கார்ந்தாள்.

போமா பலகை ஒன்றை மடியில் வைத்துக் கரியால் கோடு போட ஆரம்பித்தார். வண்ணம் கலப்பது வசந்தாவின் வேலை, பூசுவது அவர். பெட்டியில் கறுப்புச் சாயமே கிடையாது. நீலம், காவி, சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். கலக்குவாள், அம்மாவின் கன்னத்தருகே போய்ப் பார்ப்பாள், திரும்பி வந்து சொட்டுச் சிவப்புச் சேர்ப்பாள், மறுபடி போவாள்.

"என்னடி, தரகன் மாட்டைப் பாக்குற மாதிரி பாக்குற? பல்லையும் புடிச்சுப் பாக்குறியா?" என்றாள் பார்வதி.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கொஞ்சம் வெள்ளை சேத்துக்கம்மா" என்று வசந்தாவின் காதில் சொன்னேன்.

"மொகத்துக்கு இவர் வெள்ளையே சேக்கமாட்டாருப்பா. அதான் இவர் வேலை."

கடையில் நான் எத்தனை பேரிடம், "உங்க நிறத்துக்கு இது எடுக்காதும்மா, வெளுப்பா பாருங்க" என்று சொல்லியிருப்பேன்! அதோடு வாயை மூடிக்கொண்டு புளிச்சோற்றைத் திறந்தேன்.

மதியத்துக்குள் காவல்காரரும் ஆடு மேய்க்கும் இரண்டு பெண்களும் கூடிவிட்டார்கள். "ஏன் ஆத்தா, கைலிய நீ கட்டிக்கிட்டியே, ஒம்புருசன் எதக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போவாரு?" என்றாள் ஒருத்தி.

"அவருக்கு வேட்டி இருக்கு. மானந்தான் காலையிலேயே போயிருச்சு, மேக்குப் பாத்த கோயிலுக்குக் காலையில கூட்டியாந்து" என்றாள் பார்வதி, முகத்தை அசைக்காமலே.

இரண்டு மணிக்குப் படம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முகம் வந்துவிட்டது, தலைக்கட்டு வந்துவிட்டது. முகத்துக்குப் பின்னாலும் பலகை முழுக்க அதே கட்டம் போட்ட துணி விரிந்திருந்தது. அப்போது போமா ஒரு சவர பிளேடை எடுத்தார். ஈரம் காயாத படத்தில், கட்டத்தின் மேல் வைத்து, சரக்கென்று ஒரு கீறல்.

"ஐயோ!" என்று பாய்ந்து கையைப் பிடித்துவிட்டேன். பயந்த வேகத்தில் இங்கிலீஷும் வந்துவிட்டது. "நோ சார்! குட் பிக்சர் சார்!"

போமா சிரித்தாரே ஒழியக் கோபப்படவில்லை. அவர் ஊர்ப் பெண்கள் நம் துணியை வாங்கி, பிளேடால் நூல் நூலாக அறுத்து உருவி, அதில் தங்கள் சொந்தப் பூவேலையைக் கொண்டுவருவார்களாம். அறுக்காத துணி கடைத் துணி, அறுத்தால்தான் வீட்டுத் துணி. அவர் அம்மா நூலை உருவுகிறார், இவர் சாயத்தை உருவுகிறார். பிளேடு பட்ட இடமெல்லாம் அடியில் பூசியிருந்த மஞ்சள் பளிச்சென்று எழுந்தது. கட்டங்களுக்குள் சின்னச் சின்ன வெயில். துணிக்கடைக்காரன் கண்ணுக்கு முன்னால் புதுத் துணியை அறுத்து, அதை ஆயிரம் மடங்கு அழகாக்கிய ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

பலகையைப் பார்வதி பக்கம் திருப்பினார்.

படத்தில் இருந்தது என் பார்வதி. மினுமினுக்கும் கறுப்பு, கன்னத்து மேட்டில் நீலம், உதட்டோரத்தில் அவளுக்கே உரிய அந்த எகத்தாளம். பார்வதி நெடுநேரம் பார்த்தாள். கையால் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். "மூக்குத்தி சரியா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். வசந்தாவின் முகம் விழுந்துவிட்டது.

மூன்று மணிக்கு வெயில் உள்ளே வந்தது. கூரையில் தாமரைக் குளம், மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். அண்ணாந்து பார்த்தபடியே போமா தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். நானும் படுத்தேன். கழுத்து வலிக்காமல் பார்க்க அதுதான் வழி. ஆனால் என் காதெல்லாம் பார்வதியிடமிருந்து வரவேண்டிய பதிலுக்குத்தான்.

ஐந்து மணி பஸ்ஸில் நல்ல கூட்டம். ஈரப் படத்தோடு ஏறியதும், "சாயம், சாயம், தள்ளு!" என்று காலையில் வந்த அதே கண்டக்டர் முன் சீட்டையே காலி பண்ணிக் கொடுத்தார். பலகையை அதில் நிமிர்த்தி வைத்தோம். பார்வதி பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையில் கைலி இன்னும் அப்படியே இருந்தது. பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

"இது யாருங்க ஆத்தா?" என்றார் கண்டக்டர்.

இருபது வருஷமாகக் கல்யாணப் படத்தைக் காட்டி யார் இந்தக் கேள்வி கேட்டாலும், "யாரோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போகிறவள் பார்வதி. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நாந்தான்" என்றாள். பின் சீட்டு வரை கேட்டது. "நெறம் கலந்தது எம் மக."

"அப்ப படத்துக்கும் ஒரு டிக்கெட் போட்டுருவமா?"

"போடு. முழு டிக்கெட்டாப் போடு."

பஸ்ஸே சிரித்தது. பார்வதி வசந்தாவின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, இந்த வேலையில நீ எம்புட்டுக் கத்துக்கிட்ட?"

"பாதிம்மா. நெறம் மட்டுந்தான்."

"மீதியையும் போய்க் கத்துக்கிட்டு வா. திருமயத்துக்காரங்களுக்கு அப்பா சொல்லிக்குவாரு."

அந்தக் கடைசி வேலை என் தலையில் விழுந்தது எனக்கு ஆச்சரியமில்லை. சந்தோஷத்தில் ஊர் வந்ததுகூடத் தெரியாமல் அடுத்த ஸ்டாப் வரை போய், நாலு பேரும் படத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தோம். ஊர்வலம் மாதிரியே இருந்தது.

போகிறவர்களுக்கு: மதியச் சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டு, இரண்டு மணிக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். காவல்காரரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், தன்மையான மனிதர். தண்ணீரும் தலைக்குக் கட்டத் துணியும் அவசியம். பவுடர் வேண்டாம். ஓவியர் யாராவது கூட வந்தால் மட்டும் என்னைப்போலக் காலையிலேயே தப்பாகப் போய்ச் சேருங்கள்.

போமா அந்தப் படத்தை எங்களுக்கே கொடுத்துவிட்டார், பவுடர் டப்பாவைத்தான் திருப்பித் தரவில்லை. கல்யாணப் படம் இருந்த ஆணியில் இப்போது அது தொங்குகிறது. வசந்தா மறுபடி மெட்ராஸ் கிளம்பியபோது, போமாவின் அம்மாவுக்குக் கொடுத்தனுப்ப என்று பார்வதி அவள் பெட்டியில் மூன்று புதுக் கைலி வைத்தாள். மூன்றும் எனக்கென்று எடுத்தவை. நான் வேட்டியில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.